கடித்த பாம்பும் காக்கும் எதிர்ப்பொருளும்
மயிலத்தில் நடைபெற்ற நோய்த்தடைக்காப்பியல் கருத்தரங்கின் தலைமை உரை



மேக்ரோஃபேஜ், பி செல், டி செல், காம்ப்ளிமென்ட் என்று பாடநூலில் வரும் எல்லாவற்றையும் பற்றி இந்த இரண்டு நாளும் அறிஞர்கள் பேச இருக்கிறார்கள். தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பாம்புக்கடி மருந்து. நோய்த்தடைக்காப்பியலின் முக்கியமான கேள்விகள் பலவும் அந்த ஒரு குப்பிக்குள் இருக்கின்றன. அதற்குள் இருப்பதில் நம் வட தமிழ்நாட்டு மண்ணின் பங்கும் உண்டு.

மயிலம் மலைமேல் நின்று பார்த்தால் நாலாபுறமும் ஏரிப் பாசன வயலும் மல்லாட்டைக் கொல்லையும் கரும்பும்தான். மல்லாட்டை விளைகிற இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும், விடியலில் களை எடுக்கக் குனிகிற பெண்ணும்தான் கடிபடுகிறார்கள். 2000 முதல் 2019 வரையிலான தரவுகளை ஆராய்ந்தவர்கள், இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. மிகவும் தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டிய ஆணை அது.

கடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்ததும் செய்யும் முதல் சோதனையை மாணவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக்குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்து குழாயோடு ஒட்டி நின்றால் ஓரளவு நிம்மதி. தண்ணீராய் வழிந்தால் விரியன் நஞ்சு உறைபொருட்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது, உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான் என்பதால். இதற்கு இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர் தனியாகவே செய்துவிடலாம்.

அடுத்து ஏற்றப்படுவது அந்த மருந்து. முதல் தவணையிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி வரை. குப்பிக்குள் இருப்பது குதிரையின் எதிர்ப்பொருள்.

1890-இல் ஃபான் பேரிங்கும் கிட்டசாட்டோவும், நச்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்தநீர் இன்னொரு விலங்கையும் காப்பாற்றும் என்று காட்டினார்கள். அந்த வழியில் பாம்பு நஞ்சுக்கு மருந்து கண்டவர்களில் முதன்மையானவர் ஆல்பர்ட் கால்மெட். சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், நாகப்பாம்பின் நஞ்சைக் கொண்டு 1890-களின் நடுவில் மறுநஞ்சு தயாரித்தார். ஒரு பாம்பின் நஞ்சுக்கு எழுப்பிய எதிர்ப்பொருள் எல்லாப் பாம்புக்கும் பொருந்தும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை சரியல்ல என்று நிறுவியவர்களில் ஒருவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் லாம். நாகத்துக்கான மருந்து கண்ணாடி விரியனின் நஞ்சை முறிக்கவில்லை என்பதை அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். எதிர்ப்பொருளின் தனித்தன்மை என்று இன்று நாம் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிற கருத்து, ஒரு காலத்தில் நம் நாட்டுப் பாம்புகளை வைத்துச் சண்டையிட்டு நிலைநாட்டப்பட்டது.

குதிரைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், அதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் மிகச் சிறிய அளவில் மாதக்கணக்கில் ஏற்றுகிறார்கள். குதிரையின் நிணநீர் முடிச்சுகளில், அந்த நஞ்சின் ஏதோ ஒரு பகுதியைப் பற்றக்கூடிய பி செல்கள் விழித்துக்கொள்கின்றன. உதவி டி செல்கள் அனுமதி கொடுத்தால் அவை பெருகுகின்றன. பெருகும்போது எதிர்ப்பொருளை எழுதும் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் நேர்கின்றன. முன்னைவிட இறுகப் பற்றுகிறவை மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. ஒவ்வொரு போகத்திலும் நல்ல கதிரைப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்கி வைக்கும் உழவரின் வேலையை ஒத்தது இது. சில மாதங்களில் குதிரையின் ரத்தநீரில் வலிய எதிர்ப்பொருள் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் எல்லா நச்சுக்கும் ஒரே அளவில் சேர்வதில்லை. நாகத்திடமும் கட்டுவிரியனிடமும் மூச்சுத் தசையை முடக்கும் நச்சுப் புரதங்கள் சில அறுபது, எழுபது அமினோ அமிலம் மட்டுமே கொண்ட சிறு மூலக்கூறுகள். சிறியவை என்பதால் குதிரையின் பி செல்கள் அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மிகக் கொடிய நச்சுக்கு மிக மெலிந்த எதிர்ப்பு. குப்பியில் இருக்கும் எதிர்ப்பொருளிலும் பெரும்பகுதி, குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த வேறு கிருமிகளுக்கானது. அதனால்தான் இத்தனை குப்பி தேவைப்படுகிறது. ஒரு மில்லி மருந்து முறிக்க வேண்டிய நஞ்சின் அளவு, நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் 0.6 மில்லிகிராம், மற்ற இரண்டுக்கும் 0.45 மில்லிகிராம்தான்.

அந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? பல பத்தாண்டுகளாக அதன் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியிலிருந்துதான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வணிகம் நின்றுபோய், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் பிழைப்பு முடங்கியது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் உள்ள அதன் வளாகத்துக்குப் போனால் துணியால் வாய் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உயிருள்ள பாம்பு. ஏறக்குறைய நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விடுகிறார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கும்போது உள்ளே சொட்டுவது ஒரு துளி. உலர்த்தித் தூளாக்கிய அந்தத் துளி மகாராஷ்டிரத்துக்கும் தெலங்கானாவுக்கும் போய்க் குதிரையின் வழியாக மருந்தாகித் திண்டிவனத்துக்கு வருகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது இத்துறையில் இருப்பவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம் திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் குடும்பங்களில் பல இன்னமும் சாதிச் சான்றிதழுக்கு நடந்துகொண்டும், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டும் வாழ்கின்றன. அறிவியல் கருத்தரங்கில் இதைச் சொல்லலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். இந்த அறிவியலின் முதல் கண்ணி அவர்கள் கையில் இருக்கிறது.

வடநெம்மேலியை நம்பியிருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. எதிர்ப்பொருள், தான் பார்த்த நஞ்சைத்தான் அறியும். ஒரே இனப் பாம்பு ஆனாலும் ஊருக்கு ஊர் நஞ்சின் கலவை மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மற்ற மாநிலத்துப் பாம்புகள் பலவற்றின் நஞ்சை இந்த மருந்து போதிய அளவு முறிக்கவில்லை என்று காட்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கடிக்கும் கூன்மூக்கு விரியனுக்கு இந்த மருந்தில் எதிர்ப்பொருளே கிடையாது. இலங்கையின் கண்ணாடி விரியன் கடித்தால் அங்கே இமை சரிவதும் சேர்ந்து வருகிறது. ஆனாலும் இந்தியப் பாம்பின் நஞ்சில் எழுந்த மருந்தைத்தான் இலங்கையர் இறக்குமதி செய்து வந்திருக்கிறார்கள். 2024-இல் சுனகரின் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, நான் முன்பு சொன்ன அந்தச் சிறு நச்சுகளைப் பல பாம்பினங்களிலும் பற்றக்கூடிய ஒரு மனித எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உருவாக்கி எலிகளைக் காப்பாற்றிக் காட்டினார்கள். குதிரையே வேண்டாத நாள் வரக்கூடும். அதுவரை குதிரைதான்.

குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியம். எதிர்ப்பொருள் ஒய் எழுத்தைப் போன்ற வடிவம் கொண்டது. இரண்டு கைகள் நஞ்சைப் பற்றும், தண்டுப் பகுதி காம்ப்ளிமென்டையும் விழுங்கு செல்களையும் கூப்பிடும். பெப்சின் நொதியால் அந்தத் தண்டை நறுக்கிவிட்டுத்தான் மருந்தை அடைக்கிறார்கள். அப்படியும் ஒவ்வாமை வருகிறது. குதிரையையே அறியாதவருக்கும் முதல் குப்பியிலேயே உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுகிறது. முன்பே உருவான எதிர்ப்பொருள் இல்லாமலே மாஸ்ட் செல்கள் வெடிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இதனால்தான் தோலில் போட்டுப் பார்க்கும் சோதனை ஊசி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் தின்கிறது. தொடையில் போடும் அட்ரினலின்தான் உயிர் காக்கும். இலங்கையில் ஆயிரம் நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே தோலுக்கடியில் போட்ட குறைந்த அளவு அட்ரினலின் கடும் எதிர்வினைகளைக் குறைத்தது. வழக்கமாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை. இந்திய மருத்துவமனைகள் எல்லாம் படிக்க வேண்டிய ஆய்வு.

இன்னொன்று தாமதமாக வரும். வீட்டுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு. "விஷம் இன்னும் இறங்கலை" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். விஷம் எப்போதோ போய்விட்டது. குதிரைப் புரதத்துக்கு எதிராக நோயாளியின் உடல் தயாரித்த எதிர்ப்பொருள், அந்தப் புரதத்தோடு சேர்ந்த கூட்டாக ரத்தக்குழாய்ச் சுவரிலும் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படிந்து அழற்சியை மூட்டுகிறது. ஃபான் பிர்கேயும் ஷிக்கும் 1905-இல் விவரித்த சீரம் நோய் இதுதான். லூபஸ் நோயில் சிறுநீரகம் கெடுவதும் இதே வழியில்தான். அங்கே அந்நியப் புரதத்தின் இடத்தில் சொந்த டிஎன்ஏ இருக்கிறது. கடைகளில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' பொடிகளை அடுக்கி விற்கும் இந்தக் காலத்தில், கூடிப்போன எதிர்ப்பும் ஒரு நோய்தான் என்பதை நம் மாணவர்கள் ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாம்பு பலமுறை கடித்தவருக்கு விஷம் ஏறாது என்ற பேச்சையும் மறுக்க வேண்டும். ஊசியில் வருவது இரவல் எதிர்ப்பொருள், அது அடுத்த கடிக்கான நினைவை உடலுக்குத் தராது. மறுபடி மறுபடி நஞ்சோடு பழகுகிறவருக்கு நஞ்சே ஒவ்வாமையாக மாறுவதும் உண்டு.

நாகத்தின் நஞ்சுக்கு மறுநஞ்சு தயாரித்த அதே கால்மெட் பிற்காலத்தில் கெரானோடு சேர்ந்து ஒரு காசநோய்த் தடுப்பூசி செய்தார். பிசிஜி என்ற பெயரில் நடுவெழுத்துக்கு உரியவர் கெரான் அல்லர், கால்மெட்தான். உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் அதில் பங்கேற்றார்கள். பிரிட்டனில் நன்றாக வேலை செய்த அந்த ஊசி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இங்கே தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள காசக்கிருமியின் உறவுக் கிருமிகள் நம் டி செல்களை முன்பே பழக்கிவைத்திருக்கலாம் என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் காசநோயைத் தடுப்பதால் பிசிஜி இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது, போடப்படவும் வேண்டும். இந்தப் பரிசோதனையைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிற நாட்டுப் பதிலை அப்படியே ஏற்காமல் நம் மக்களிடம் கேட்டுப் பார்த்த நேர்மையான அறிவியல் அது.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். விழுப்புரம் மாவட்ட விரியன்களின் நஞ்சு வடநெம்மேலி நஞ்சிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று ஆராய நம் கல்லூரிகளிலிருந்து ஒரு குழு முன்வர வேண்டும். உரிய அனுமதியோடு, இருளர் பெரியவர்களை ஊதியம் பெறும் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. மருந்தேற்றியபின் வரும் ஒவ்வாமையையும், பத்தாம் நாள் மூட்டு வலியையும் சேர்த்துப் பதியும் எளிய தமிழ்ப் படிவம் ஒன்றை இங்கேயே வரைந்து மாவட்ட நிர்வாகத்திடம் கொடுப்போம். நாளை மாலை நிறைவு அமர்வுக்குள் அது தயாராக வேண்டும். அதற்கான பொறுப்பை ஏற்க விரும்பும் செவிலியரும் ஆசிரியரும் உணவு இடைவேளையில் என்னைச் சந்திக்கலாம். இப்போது முதல் கட்டுரையை வாசிக்க இருக்கும் மாணவியை மேடைக்கு அழைக்கிறேன்.