சுங்கான் பழகிய நாட்கள்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் சென்று வாழும் தமிழர்க்கு மாலைப்பொழுது ஒரு பெருஞ்சோதனை. பகலை அலுவலகம் விழுங்கிவிடும். இரவை உறக்கம் விழுங்கிவிடும். இடையில் எஞ்சும் சில நாழிகைகளை எதனிடம் ஒப்படைப்பது என்பதே கேள்வி. 1984-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற்கு வேலைக்கு வந்து, கரமனையில் ஒரு வீட்டின் மாடியறையில் குடியேறிய எங்கள் மூவருக்கும் அக்கேள்வி எழுந்தது. அதற்கு நாங்கள் கண்ட விடை சுங்கான். அவ்விடையில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பைப் என்று இக்காலத்தார் வழங்கும் புகைக்குழாய்க்குத் தமிழில் சுங்கான் என்பது பழைய பெயர். புகையிலையோ நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கேசியரின் கப்பலேறி இந்நாட்டை அடைந்தது. ஆயினும் வந்த விருந்தாளிக்கு நம்மவர் செய்த உபசாரம் கொஞ்சமன்று. சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு பிரபந்தமே பாடிவிட்டார். நம்முடைய ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையில், திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலே துப்பறிவாளருக்கு ஒரு துப்பாக அமைகிறது.

திருவனந்தபுரத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக விளங்கியது. அவ்வாணிபத்தை அரசு தன் தனியுரிமையாகவே வைத்திருந்து பெரும்பொருள் ஈட்டியது. திவான் மாதவராவ் காலத்தில், 1863-இல், அத்தனியுரிமை நீங்கி இறக்குமதித் தீர்வை வந்தது. ராஜா கேசவதாசர் தோற்றுவித்த சாலைக் கடைத்தெருவில் வெற்றிலை, பாக்கு, புகையிலைக் கடைகளின் முன் நின்றால், தமிழும் மலையாளமும் கலந்து காதில் விழும். ஊர் நினைவு வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

நிற்க. எங்களுக்குச் சுங்கான் பழக்கிய ஆசான், அவ்வீட்டின் கீழ்க்கட்டில் வாழ்ந்த முதியவர். நெல்லைச் சீமையிற் பிறந்து, மலைத்தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் அமர்ந்து அவர் சுங்கானைப் பற்றவைத்தால், அத்தெருவே சற்று நிதானம் பெற்றது போலத் தோன்றும். ஒரு நாள் நாங்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, “தம்பிகளா, இது அவசரக்காரனுக்கு வசப்படாது. உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் வசப்படும்,” என்றார். அவ்வொரு சொல்லில் நாங்கள் அவர் மாணாக்கர் ஆனோம்.

பாடம் எளிதாக இல்லை. நல்ல சுங்கானின் கிண்ணம் பிரையர் என்னும் மத்தியதரைக் கடற்பகுதிப் புதரின் வேர்க்கட்டையிற் கடையப்படுவது; எளிதில் தீப்பற்றாதது. புதுக்கிண்ணத்தை முதலில் பாதியளவே நிரப்ப வேண்டும். உட்புறம் மெல்லிய கரிப்படலம் படிந்த பின்னரே முழுதும் நிரப்பலாம். அடியில் இடும் புகையிலை தளர்வாகவும், நடுவில் இடுவது சற்றே இறுக்கமாகவும், மேலே இடுவது இன்னும் இறுக்கமாகவும் அமைய வேண்டும். முதல் தீக்குச்சியால் மேற்பரப்பைச் சுற்றிலும் கருக்கினால் புகையிலை பொங்கி எழும். அதனை மெல்ல அமுக்கி, இரண்டாம் குச்சியால் மீண்டும் பற்றவைக்க வேண்டும். பின்னர் மூச்சு விடுவது போல மெதுவாக இழுக்க வேண்டும். விரைந்து இழுத்தால் நாக்கு வெந்துபோகும். இழுக்காமல் விட்டால் நெருப்பு அவிந்துபோகும்.

எங்கள் பயிற்சி இடவப்பாதி மழையில் தொடங்கியதால் தொல்லை இரட்டித்தது. ஈரக்காற்றில் புகையிலை பதத்துப்போகும், தீக்குச்சி நமுத்துப்போகும், குழாயில் நீர் கோத்துக் களகளவென்று ஒலிக்கும். ஒரு சுங்கானை முடிப்பதற்குள் இருபது குச்சிகள் தீர்ந்த நாளும் உண்டு. எங்களுள் ஒருவர் தலைசுற்றி, இரவு உணவையே துறந்தார். ஆசான் சிரித்துக்கொண்டே, “இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக,” என்பார். இரண்டு திங்களில் கை பழகிற்று. மாலைதோறும் அரைமணி நேரம் நால்வரும் திண்ணையில் அமர்ந்தோம். அவர் மலைத்தோட்டக் கதைகளைச் சொல்வார். நாங்கள் எங்கள் ஊர்க் கதைகளைச் சொல்வோம். மாடியறையின் தனிமை எங்கோ போயிற்று. அவ்வின்பம் பொய்யென்று இன்றும் நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆசான் அடிக்கடி கூறும் ஒரு வாக்கியம் உண்டு: “புகையை நாம் நெஞ்சுக்குள் விழுங்குவதில்லை, ஆகவே இதில் தீங்கில்லை.” நாங்களும் அதனை வேதவாக்காகக் கொண்டோம். ஐந்தாம் ஆண்டில், சுங்கானை வழக்கமாகக் கவ்வும் பக்கத்தில், அவருடைய கீழுதட்டில் ஒரு சிறு புண் தோன்றிற்று. குழாயின் உரசல் என்றார், நெய் தடவிக்கொண்டார். பல மாதம் ஆறவில்லை. மருத்துவரிடம் சென்றபோது அது புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை மருத்துவம் உயிரைக் காத்தது, ஆனால் உதட்டின் ஒரு பகுதி போயிற்று, சொற்கள் குழறின. கதை சொல்லியே எங்களை வாழவைத்தவர், கதை சொல்ல நாணிக் கதவை அடைத்துக்கொண்டார்.

பின்னர்தான் நாங்கள் படித்து அறிந்தோம். சுங்கான் புகைப்போரின் உதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே குறித்திருக்கிறார். 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கையும் அத்தொடர்பை உறுதி செய்தது. சுங்கானின் புகை காரத்தன்மை உடையது, ஆகையால் நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியிற் கலக்கிறது, பழக்கமும் வேரூன்றுகிறது. எங்களுள் இருவர் உடனே விட்டோம். மூன்றாமவர் விட விரும்பியும் விட முடியாமல் மேலும் மூன்றாண்டு தவித்தார். அதனை மன உறுதியின் குறை என்று நாங்கள் கருதவில்லை. அச்செடியின் பிடி அத்தகையது.

இந்நகரம் இத்துறையில் உலகிற்கே ஒரு பாடம் தந்திருக்கிறது. 1981-இல் இங்கே நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள், 1996 முதல் இம்மாவட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,91,000 பேரை உட்படுத்தி ஓர் ஆராய்ச்சி நடத்தினர். அவர்களுள் ஒரு பாதியினரின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வெறுங்கண்ணால் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களுள், அவ்வாறு சோதிக்கப்பட்டோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் அறிவித்தனர். ஒரு விளக்கும், வாயைத் திறந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்பதே அதன் சாரம். எங்கள் ஆசானின் புண்ணை முதல் மாதத்திலேயே ஒருவர் பார்த்திருந்தால் என்று எண்ணாத நாளில்லை.

கேரள உயர்நீதிமன்றமும் 1999 ஜூலையில் பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதிகள் ஏ. ஆர். லட்சுமணனும் கே. நாராயண குருப்பும் ஆவர். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது.

ஆசானின் கதையை முடித்துவிடுகிறோம். சில திங்கள் கழித்து நாங்களே அவர் கதவைத் தட்டினோம். வெறுங்கையோடு திண்ணையில் அமர்ந்தோம். முதல் நாள் யாரும் பேசவில்லை. கைகள் மட்டும் எதையோ தேடின. நான்காம் நாள் அவர் குழறிய சொற்களோடு ஒரு தோட்டக் கதையைத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, “தம்பிகளா, உட்காரக் கற்றுக்கொடுத்தேன். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்,” என்றார்.

அதனை மட்டும் வைத்துக்கொண்டோம். நேயர்களே, வெளிமாநிலத்து மாலைப்பொழுது உங்களையும் வாட்டலாம். அதற்குத் துணையாகப் புகையிலை எளிதில் வந்து சேரலாம். நாங்கள் தேடியது புகையை அன்று, உடனமர ஒரு மனிதரை என்பதை அறிய எங்களுக்கு ஐந்தாண்டும் ஒருவருடைய உதடும் செலவாயின. இன்று மாலையே பக்கத்து வீட்டுத் திண்ணையில் சற்று அமருங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இரண்டு வாரத்திற்கு மேல் நின்றால், மருத்துவரிடம் காட்டுங்கள்.