கணக்கை மேசையிலேயே போடுவோம்

விதிகள் மண்டிய பாத்திரமேற்பு விளையாட்டை நேரில் கூடி ஆடும்போது தாளும் பென்சிலும் பகடையும் போதுமா, லேப்டாப்பும் செயலியும் வேண்டுமா என்பது வழக்கு. போதும் என்பதோடு நிற்காமல், அவைதான் மேல் என்பது எங்கள் கட்சி. இவ்வளவு விதியை மனிதர் சுமக்க முடியாது என்றார்கள் எதிரணியினர். அந்த விதிகள் யாருக்காக எழுதப்பட்டன? கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை மூன்று சிறு புத்தகங்களாகப் பெட்டியில் வைத்து விற்றார்கள். 1980-இல் வந்த ‘ஆர்ம்ஸ் லா’ என்ற சண்டை விதிநூல் ஆயுதத்துக்கு ஓர் அட்டவணை என்று அடுக்கியது. 1986-இல் ‘கர்ப்ஸ்’ என்ற விதித்தொகுப்பு வந்தது. இந்த ஆட்டங்களைத் திரையில் ஆட உதவும் ‘ரோல்20’ தளம் தொடங்கியதோ 2012-இல்தான். அதற்கு முன்பே பல்லாயிரம் மேசைகளில் இந்தச் சுமையை மனிதர்கள் விரும்பிச் சுமந்திருக்கிறார்கள்.

ஏன் விரும்பினார்கள்? 2019-இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். மூல நூலே 640 பக்கம். அதில் ஒரே ஒரு வாள்வீச்சை எடுத்துக்கொள்வோம். அரக்கனின் தற்காப்பு எண் 21. வீரன் உருட்டிய 20 பக்கப் பகடையில் 7 விழுகிறது. அவனுடைய தாக்குதல் எண் 11-ஐக் கூட்டினால் 18. தவறிவிட்டது. அப்போது எதிர்ப்புறம் நிற்பவர், “நாம் இருவரும் இரு பக்கமும் வளைத்திருக்கிறோமே, அதன் தற்காப்பில் 2 கழியுங்கள்” என்கிறார். 19 ஆகிறது, இன்னும் ஒன்று குறைகிறது. மூன்றாமவர் தன் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்: “நான் மிரட்டியதில் அது பயந்து கிடக்கிறது, இன்னொன்று கழியும்.” 18-க்கு 18. வாள் பாய்ந்துவிட்டது! அந்த அடி மூவருடையது என்பதை மேசையே சேர்ந்து கண்டுபிடிக்கிறது. திரையும் இதே கணக்கைப் போடும், கேட்டால் விவரமும் காட்டும். ஆனால், முடிவு முதலில் வந்துவிட்ட பிறகு விவரத்தை யார் தேடுகிறார்கள்? விதி கனமான ஆட்டத்தில் சுவையே அந்தத் தேடலில்தான் இருக்கிறது. அதைக் கருவியிடம் கொடுத்துவிட்டால், 640 பக்கத்தில் நமக்கு மிஞ்சுவது ஒரு பொத்தான்.

நேரம் இழுக்கும் என்கிறார்கள். முதல் சில அமர்வுகளில் இழுக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் எல்லா வேலையும் கதையை நடத்தும் ஆட்டத்தலைவர் தலையில் விழுவதுதான். யார் முறை என்பதை ஒருவர் பார்க்கட்டும், பயம், மயக்கம் போன்ற நிலைகளை இன்னொருவர் குறிக்கட்டும், மந்திரக்காரர் தன் மந்திரங்களை அட்டைகளில் எழுதி வரட்டும். வேகம் தானாக வரும். கருவி மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வரைபடம் ஏற்ற, சுவர்களைக் குறிக்க, விளக்கு வெளிச்சம் அமைக்க ஆட்டத்தலைவர் முந்தைய இரவே உட்கார வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு வீரர்கள் யாரும் எதிர்பாராத கதவைத் திறந்தால், அதன் பின்னால் திரையில் ஒன்றும் இருக்காது. அழித்தெழுதும் கட்டம்போட்ட விரிப்பில் அந்த அறை நாலு கோட்டில் உருவாகிவிடும்.

பிழை வருமே என்ற கேள்வி நியாயமானது. வரும். ஐந்து பேர் பார்க்கப் போட்ட கணக்கில் வரும் பிழையை அங்கேயே ஒருவர் பிடிப்பார். விதி புரியாவிட்டால் இப்போதைக்கு ஒரு முடிவெடுத்து, இடைவேளையில் நூலைப் புரட்டலாம். செயலியில் தவறாக ஏறிய எண்ணை எவரும் சந்தேகிப்பதில்லை. அது அமர்வுக்கு அமர்வு கூடவே வரும். நண்பர்கள் வெவ்வேறு ஊரில் இருந்தாலோ, சிறு எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டாலோ திரை பெரிய உதவி. அதை எங்கள் அணி மனமார ஏற்கிறது. ஆனால் நேரில் கூடியவர்கள் ஒரு விதி தங்களுக்கு ஒத்துவரவில்லை என்று கண்டால், செயலியில் அதை மாற்ற நிரல் தெரிந்தவரைத் தேட வேண்டிவரலாம். மேசையிலோ, எல்லோரும் சரி என்றால் பென்சிலால் ஒரு வரி எழுதி, அடுத்த பகடையை உருட்டலாம்.