‘கிடையாது’ன்னு கடிதம் வந்தா முடிஞ்சு போச்சா?

கல்வராயன் மலை வெள்ளிமலையில இருந்து ஒரு முன்னாள் படைவீரர், கையில ஒரு ஆங்கிலக் கடிதத்தோட கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுறார்னு வச்சுக்குவோம். கடிதத்தோட சாரம் இதுதான்: உங்க நோய்க்கும் ராணுவப் பணிக்கும் சம்பந்தமில்லை, டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாது. அதைப் படிச்சதும் மடிச்சு பீரோவுல வச்சுடாதீங்க.

தரம்வீர் சிங் 1985-ல சிக்னல் பிரிவுல சிப்பாயா சேர்ந்தவர். வலிப்பு நோய், 20 சதவீத இயலாமைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க. பென்ஷனும் இல்லைன்னுட்டாங்க. 2013-ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னுச்சு. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில அந்த நோய் பத்திக் குறிப்பே இல்லைன்னா, அது பணியில வந்ததாத்தான் எடுத்துக்கணும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது ராணுவத்தோட பொறுப்பு.

அதனால முதல்ல மருத்துவ வாரிய அறிக்கையோட நகலை வாங்குங்க. மறுத்ததுக்குக் காரணம் எழுதியிருக்காங்களான்னு பாருங்க. 6 மாசத்துக்குள்ள முதல் மேல்முறையீடு போடணும். அது தள்ளுபடியானா இரண்டாவது. அதுக்கும் மேல, சென்னையில ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கு. கெடு தாண்டியிருந்தா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா இழுத்தடிச்சா பழைய பாக்கித்தொகை குறையலாம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க: 2023 செப்டம்பர் 21-ல இருந்து புது விதிகள் வந்திருக்கு. அதுக்கப்புறம் பணியை விட்டவங்க அதையும் வக்கீல்கிட்ட காட்டிப் பேசணும்.

உங்க வீட்டுல மிலிட்டரி தாத்தாவோ மாமாவோ இருந்தா, அந்தக் கடிதத்தை வாங்கி, தேதியில இருந்து படிச்சுச் சொல்லுங்க.