‘போய் வருகிறேன்’: ஆண்டிறுதி கற்றுத்தரும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் அரசாங்கப் பள்ளிகளில் ஆண்டிறுதி என்றால் நவம்பர் மாதம். தேர்வுகள் முடிந்து, மழை தொடங்கும் நேரத்தில் பிள்ளைகள் நீண்ட விடுமுறைக்குப் போவார்கள். ஜனவரியில் அதே திடல், அதே உணவகம், பெரும்பாலும் அதே முகங்கள். ஆனால் இதே ஊரில் உள்ள அனைத்துலகப் பள்ளிகள் பலவற்றின் நாட்காட்டி வேறு. ஆகஸ்டில் தொடங்கும் பள்ளி ஆண்டு ஜூன் மாதத்திலோ ஜூலைத் தொடக்கத்திலோ முடிகிறது. அங்கே ஆண்டிறுதி என்பது வகுப்பு மாறுவது மட்டுமல்ல. பல பிள்ளைகளுக்கு நாடே மாறுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அந்நியமான செய்தியன்று. தந்தையின் வேலைக்காகச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து, மூன்றாண்டு இங்கே இருந்துவிட்டு, துபாய்க்கோ லண்டனுக்கோ போகும் பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். மலேசியாவில், அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் சேர்வதற்கான வழி அகலமானது. ஆகவே அந்தப் பள்ளிகளின் ஆண்டிறுதியில் என்ன நடக்கிறது, பிள்ளைகளின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்குப் பயன் தரும்.

மதிப்பெண் வருமுன்னே முடியும் ஆண்டு

கடைசி இரண்டு வாரங்களில் அந்தப் பள்ளிகளுக்குப் போனால் புத்தகச் சத்தத்தைவிடப் பெட்டிச் சத்தமே அதிகம் கேட்கும். சுவரில் ஓராண்டாகத் தொங்கிய ஓவியங்கள் கழற்றப்பட்டு வீட்டுக்குப் போகின்றன. அலமாரிகள் காலியாகின்றன. இசை நிகழ்ச்சி, விளையாட்டு விருது, ஆண்டு மலர் என்று ஒவ்வொன்றாக நடக்கின்றன. ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களிலும் சட்டைகளிலும் நண்பர்கள் கையெழுத்திடுகிறார்கள். சிறியதாகிப்போன சீருடைகள் அடுத்து வருவோருக்காகச் சேகரிக்கப்படுகின்றன. விடைபெறும் பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் நடக்கும். சில பள்ளிகளில் மற்ற மாணவர்கள் இரு பக்கமும் நின்று கைதட்ட, நடுவே அவர்கள் நடந்து வெளியேறுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அனைத்துலக இளங்கலைப் பட்டயம், அதாவது ‘ஐபி’ எனப்படும் பட்டயத்துக்கான தேர்வை மாணவர்கள் மே மாதத்தில் எழுதுகிறார்கள். முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வருகின்றன. கேம்பிரிட்ஜ் தேர்வு முடிவுகளோ ஆகஸ்டில் வருகின்றன. அதற்குள் நண்பர்கள் நாலா திசைக்கும் பறந்திருப்பார்கள். ஆக, பள்ளியின் கடைசி நாளன்று எந்த மாணவன் கையிலும் இறுதி மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாமல் ஆண்டை எப்படி முடிப்பது? ‘என்ன கற்றாய், எப்படி மாறினாய், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்’ என்று கேட்டுத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

பிரிவைத் தள்ளிப்போட்ட பள்ளிகள்

இந்த மண்ணில் இத்தகைய பள்ளிகள் தோன்றிய கதையிலேயே பிரிவின் வலி இருக்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இங்கு வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்கள், பிள்ளைகள் சற்று வளர்ந்ததுமே அவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். தாயும் தந்தையும் இங்கே, பிள்ளை அங்கே விடுதியில். ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பெண்மணி 1925ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சில பிள்ளைகளோடு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 1930களில் மலாயாவின் கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியையும் நிறுவினார். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் நாளைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போட அது உதவியது. சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று தங்லின் டிரஸ்ட் பள்ளி என்ற பெயரில் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

அன்று பெற்றோரைப் பிரிந்தார்கள் பிள்ளைகள். இன்று விமானம் குடும்பத்தைச் சேர்த்தே கொண்டுபோகிறது. ஆனால் நண்பர்களை, ஆசிரியர்களை, வளர்ந்த அடுக்குமாடியை அது கொண்டுபோவதில்லை.

திரும்பிப் பார்ப்பது ஒரு பாடம்

1968ஆம் ஆண்டில் ஜெனிவாவில் தொடங்கப்பட்ட ஐபி கல்வி அமைப்பு, மாணவரிடம் வளர வேண்டிய பத்துப் பண்புகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று, தன்னைத் தானே சீர்தூக்கிப் பார்ப்பது. இது ஏட்டில் மட்டும் உள்ள சொல்லன்று. தொடக்கநிலைத் திட்டத்தின் கடைசி ஆண்டில் பிள்ளைகள் ‘கண்காட்சி’ ஒன்றை நடத்துகிறார்கள். தண்ணீர் வீணாவது, முதியோர் தனிமை, நெகிழிக் குப்பை என்று தாங்களே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்துப் பல வாரம் ஆராய்ந்து, பெற்றோர் முன்னே வைக்கிறார்கள். பட்டயக் கல்வியில் 4,000 சொல்லுக்குள் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். அதோடு, ஆய்வின்போது தம் சிந்தனை எப்படி மாறியது என்பதையும் மாணவர் 500 சொல்லுக்குள் எழுதித் தர வேண்டும். படைப்பாற்றல், உடலியக்கம், தொண்டு ஆகியவற்றைக் கொண்ட இன்னொரு பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் அதை நிறைவேற்றாமல் பட்டயம் கிடைக்காது.

கல்வியாளர் ஜான் டூயி 1910ஆம் ஆண்டிலேயே ‘நாம் எப்படிச் சிந்திக்கிறோம்’ என்ற நூலில் ஆழ்ந்து சிந்திக்கும் பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அனுபவம் தானாகவே பாடமாகிவிடாது. பட்டதை மீண்டும் எடுத்துப் பார்த்தால்தான் அது பாடமாகும். நம் பாட்டிமார்கள் இதைப் ‘பட்டறிவு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் நல்ல வழக்கமும் சடங்காகிவிடும் அபாயம் உண்டு. ஆண்டு முழுக்க ‘இதிலிருந்து என்ன கற்றாய்?’ என்று தாள் நீட்டப்படும்போது பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள். ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதை எழுதித் தருகிறார்கள். ‘குழுவாகச் செயல்படக் கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் ஒன்றுமில்லை. ‘முதல் மூன்று நாள் யாரையும் பேச விடாமல் நானே எல்லாவற்றையும் செய்தேன். நான்காம் நாள் என் தோழி அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது’ என்று எழுதினால், அதுதான் கல்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளையின் அறிவில் இல்லை. உண்மையைச் சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கையில் இருக்கிறது.

பெற்றோர் எங்கே தவறவிடுகிறார்கள்?

பல அனைத்துலகப் பள்ளிகளில், பிள்ளையே பெற்றோரை அழைத்து உட்காரவைத்து, ஓராண்டு வேலையை விளக்கும் சந்திப்பு ஒன்று நடக்கிறது. ஆசிரியர் ஒதுங்கி நிற்பார். பிள்ளை தன் கோப்பைத் திறந்து, ‘இது செப்டம்பரில் எழுதியது, இது மே மாதத்தில் எழுதியது, எப்படி மாறியிருக்கிறது பாருங்கள்’ என்று காட்டும். அந்த நேரத்தில் சில தந்தையர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சில தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டு ஆசிரியரிடம் திரும்பி, ‘வகுப்பில் எத்தனையாவது இடம்?’ என்று கேட்கிறார்கள். பிள்ளையின் முகம் சுருங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு அது மனத்தைத் திறக்குமா?

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ‘இந்த ஆண்டு எது உனக்கு மிகவும் கடினமாக இருந்தது? யார் உதவினார்கள்? மறுபடியும் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவாய்?’ அதோடு இன்னொன்று. அந்தக் கண்காட்சியை ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தது அங்கே செல்லாது. புரிந்திருந்தால்தான் வீட்டுமொழியில் வரும். கற்றதை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. தமிழும் கூடவே வளரும்.

தெப்பம் கட்டுதல்

இனி, விடைபெறுவதற்கு வருவோம். ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தம் கணவருடன் 1950களில் இந்தியாவில் தங்கி, அங்கு வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாட்டுப் பண்பாடும் இல்லாமல், தங்கிய நாட்டின் பண்பாடும் இல்லாமல், இரண்டுக்கும் இடையே ஒரு வாழ்க்கை உருவாவதைக் கண்டார். ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. டேவிட் பொலாக், ரூத் வான் ரெக்கன் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டில் அத்தகைய பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அடிக்கடி இடம் மாறும் பிள்ளைகள் பல மொழி, பல நாடு என்று விரிந்த பார்வை பெறுகிறார்கள். ஆனால் அழுது தீர்க்காத துயரம் அவர்களுக்குள் தங்கிவிடுகிறது என்று அந்நூல் எடுத்துக்காட்டியது.

அந்தத் துயரம் கண்ணீராகத்தான் வெளிவரும் என்பதில்லை. கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் உயிர்த்தோழனோடு காரணமில்லாமல் சண்டை வரும். ‘இந்தப் பள்ளியே எனக்குப் பிடிக்கவில்லை’ என்ற பேச்சு வரும். பிரிவு வலிக்காமல் இருக்க, பிள்ளை முன்கூட்டியே கயிற்றை அறுத்துக்கொள்கிறது. பெற்றோர் அதைத் திமிர் என்று நினைத்துக் கண்டிக்கிறார்கள்.

பொலாக் இதற்கு நான்கு படிகள் சொன்னார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ராஃப்ட்’, அதாவது தெப்பம். முதலாவது, மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வது. பேசாமல் இருக்கும் நண்பனோடு பேசிவிட்டுப் போவது. இரண்டாவது, நன்றி சொல்வது. ஆசிரியருக்கு மட்டுமன்று, பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும், உணவகத்தில் சோறு போட்டவருக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும். மூன்றாவது, விடைபெறுவது. மனிதர்களிடம் மட்டுமல்லாமல் இடங்களிடமும், வளர்ப்புப் பிராணிகளிடமும், விட்டுச்செல்லும் பொருள்களிடமும். நான்காவது, போகும் இடத்தைப் பற்றிச் சிந்திப்பது. புதிய பள்ளி, புதிய வீடு எப்படி இருக்கும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது. இந்த நான்கு கட்டைகளையும் சேர்த்துக் கட்டினால்தான் தெப்பம் மிதக்கும். ஒன்றை விட்டாலும் தண்ணீர் புகுந்துவிடும்.

பெட்டி கட்டும் அவசரத்தில் பல வீடுகளில் இந்த மூன்றாவது படிதான் விட்டுப்போகிறது. ‘அங்கே புது நண்பர்கள் கிடைப்பார்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் பழைய நண்பனுக்காக அழ இடம் கொடுத்த பிறகு சொல்ல வேண்டிய உண்மை அது.

நின்றுவிடும் பிள்ளைகள்

எல்லாரும் மறந்துவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. போகிறவர்களுக்கு விழா நடக்கிறது, பரிசு கிடைக்கிறது. இங்கேயே இருக்கும் பிள்ளைக்கு? ஆகஸ்டில் அது மறுபடி வகுப்புக்கு வரும்போது பக்கத்து நாற்காலியில் வேறு முகம். ஆண்டுதோறும் இப்படி நடந்தால், ‘யாரோடும் நெருங்கிப் பழகாதே, எப்படியும் போய்விடுவார்கள்’ என்று பிஞ்சு மனம் கணக்குப் போட்டுவிடும். ஓராண்டில் கற்ற அத்தனை பாடத்தையும்விட அந்தத் தவறான பாடம் ஆழமாகப் பதியும். ஆகவே ஆண்டிறுதிக் கூட்டங்களில் நிற்பவர்களுக்கும் பேச இடம் வேண்டும். அவர்கள் எதை இழக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இது அனைத்துலகப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய கதையன்று. அரசாங்கப் பள்ளியில் தொடக்கநிலை 6 முடித்து வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிரியும் பிள்ளைகளுக்கும் இதே வலி உண்டு. தேர்வு முடிவு நாளில் அனைவரும் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுவதால் அந்த வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நவம்பரிலும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, ஆறு ஆண்டுகளைப் பிள்ளையோடு திரும்பிப் பார்க்கலாம். செலவில்லாத காரியம்.

தமிழ் வீடுகளில் கிளம்பும்போது யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். உறவு அறுவதில்லை, தூரம்தான் கூடுகிறது என்ற பொருள் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. வரும் ஆண்டிறுதியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறை வாசல்வரை போங்கள். ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் அந்தச் சொற்களை அது வாய்விட்டுச் சொல்லட்டும். மதிப்பெண் ஜூலையில் வந்து சேரும். விடைபெறும் நாள் கடந்துவிட்டால் மறுபடி வராது.