குளுக்கோஸ் பாட்டிலும் பில்லும்



வாந்தி, பேதி வந்தால் உடம்பில் நீர் குறையும். உப்பும் குறையும். ஆள் சோர்ந்து படுத்துவிடுவார். உடனே, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடலாம்" என்பார்கள். இப்போது வீட்டுக்கே நர்ஸ் வந்து ஏற்றுகிறார். போகும்போது மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். வீட்டார் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுகிறார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டும். பில் வாங்க வேண்டும். அதில் பாட்டில், குழாய், ஊசி, நர்ஸ் கூலி எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

பாட்டிலின் மேல் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும். வரியும் அதில் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. குழாய்க்கும் ஊசிக்கும் இதே விதிதான். காலாவதி தேதியையும் பார்க்க வேண்டும்.

நர்ஸ் கூலிக்கு அச்சிட்ட விலை இல்லை. அதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பாட்டிலின் மேல் 60 ரூபாய் என்று இருக்கிறது. ஏற்றியது 2 பாட்டில். ஆக 120 ரூபாய். பில்லில் பாட்டிலுக்கு 300 ரூபாய் என்று இருந்தால், 180 ரூபாய் அதிகம்! அதனால் பில் சரிபார்க்கும்வரை காலி பாட்டிலை எறியக் கூடாது. அதிகம் வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழிலும் பேசலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பாட்டில் தேவைதானா?

5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைச் சத்து. மீதி தண்ணீர்தான்.

1971-இல் வங்கதேசப் போர் நடந்தது. மேற்கு வங்கத்தில் பன்காவ் என்ற ஊரில் அகதிகள் குவிந்தார்கள். காலரா பரவியது. ஏற்றுவதற்குப் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதற்கு முன் நோயாளிகளில் 100-க்கு 30 பேர்வரை இறந்தார்கள். பிறகு அது 4 பேருக்கும் கீழே குறைந்தது.

அதே வழிதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலத்தை 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். குடிக்க முடிந்தவருக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

குடிக்க முடியாதவர், மயங்கியவர், சிறுநீர் போகாதவர், மலத்தில் ரத்தம் போகிறவர் ஆகியோரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் எழுதித் தராமல் வீட்டில் பாட்டில் ஏற்றக் கூடாது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவருக்கு நீர் அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

எழுத்தும் எண்ணும் கற்றோம். பாட்டிலைப் படிப்போம். பில்லைப் படிப்போம். பிறகு பணம் கொடுப்போம்.