கூட இருக்கிறவர்

(முன்னாள் மாணவர் கூடுகை விழாவில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, உன் வேலை அனுபவத்தைச் சொல்லு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கட்டுமானத் துறையில் பதினாலு வருஷம் ஆகிவிட்டது. கான்கிரீட்டைப் பற்றிப் பேசினால் பின் வரிசை தூங்கிவிடும். அதனால், என்னையே ஆட்டிப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் கிறிஸ்தவன். இங்கே எல்லாச் சமயத்தவரும் இருக்கிறீர்கள். நான் பிரசங்கம் செய்ய வரவில்லை, பட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. நான் வளைகுடா நாட்டில் ஒரு பாலம் கட்டும் சைட்டில் இருந்தேன். நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். எங்கள் வீட்டுச் சுவரில், புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கர்த்தர் காப்பார் என்பதுதான் அதிலிருந்த வசனத்தின் பொருள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். நானும் ராத்திரி முழுக்க முழங்காலில் நின்றேன். ஆறாம் நாள் அப்பா போய்விட்டார். எனக்கு டிக்கெட் கிடைத்து ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர், "இன்னும் விசுவாசமா ஜெபிச்சிருக்கணும் தம்பி" என்றார். அன்று முதல் நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். 'கர்த்தர் கூட இருந்தார் என்றால் அப்பா ஏன் செத்தார்?' இந்தக் கேள்விக்கு எந்த ஐயரிடமும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த டிசம்பரில் ஒரு நாள் மனசு சரியில்லாமல் பஸ் ஏறினேன். பேரளம், காரைக்கால், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி. சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போன ஊர். அங்கே 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டிய பர்த்தலோமேயு சீகன்பால்குவின் கல்லறையும் ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்தின் முன்னால் இருக்கிறது. அந்தக் கல்லில் இருக்கும் வருஷங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவர் இறந்தபோது வயது 36.

அந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஜெர்மனியில் பிறந்தவர். டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார். இரண்டு வருஷத்தில், 1708 நவம்பரில், டேனிஷ் கோட்டையின் தளபதியே அவரைச் சிறையில் அடைத்தார். அனுப்பிய அரசரின் ஆட்களே அடைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்! நாலு மாதம் உள்ளே இருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிய வருஷமும் அதுதான். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்து, 1711-இல் முடித்தார்.

முடித்தால் அச்சடிக்க வேண்டாமா? ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அதில் அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புத்தகம் முழுதாக வந்தது. இதை நம்பிக்கை என்பதா, இன்ஜினியரிங் என்பதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் அவரால் போக முடிந்தது. 1719 பிப்ரவரியில் கண்ணை மூடினார். மிச்சத்தை அடுத்து வந்தவர் முடித்தார்.

கர்த்தர் அவரைச் சிறையிலிருந்து தப்புவிக்கவில்லை. வியாதியிலிருந்தும் தப்புவிக்கவில்லை. அதனால் கர்த்தர் அவரோடு இல்லை என்று யாராவது சொல்வோமா? அன்றைக்குத்தான் என் கணக்கில் இருந்த தப்பு எனக்குப் புரிந்தது. 'கூட இருப்பார்' என்பதை 'ஒன்றும் நடக்காது' என்று நான் படித்து வைத்திருந்தேன். 23-ஆம் சங்கீதத்தில்கூடப் பள்ளத்தாக்கு காணாமல் போய்விடவில்லை. அதன் வழியேதான் நடக்க வேண்டியிருக்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவே ஏன் கைவிட்டீர் என்று கேட்டவர். அப்படியானால் என் கேள்வியும் அவிசுவாசம் அல்ல.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்த நாம், கர்த்தர் நம்மைக் காத்தார் என்று நன்றி சொல்லலாம். ஆனால் போனவர்களை அவர் கைவிட்டார் என்று பொருள் வரும்படி ஒருநாளும் பேசக்கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவை அடக்கம் செய்தது யார் தெரியுமா? சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நேரம் அது. என்னோடு இதே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன், பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியில் இறக்கினான். அவன் கிறிஸ்தவன் இல்லை. நான் போனில் அழுதபோது அவன் சொன்னது ஒரே வார்த்தை: "நீ இல்லேன்னா என்னடா, நான் இருக்கேன்ல." இம்மானுவேல் என்ற பெயருக்கு 'தேவன் நம்மோடிருக்கிறார்' என்று பொருள். எத்தனையோ கிறிஸ்துமஸில் கேட்ட அந்தப் பெயருக்கு அர்த்தம் எனக்கு அந்தப் போனில்தான் வந்தது. அது புரியத்தான் ஏழு மாதம் ஆயிற்று. அவன் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறான். பெயர் சொல்லக்கூடாது என்று மிரட்டி வைத்திருக்கிறான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் அரியர்ஸ் வரும், வேலை கிடைக்காமல் போகும், வீட்டில் ஒரு சாவு வரும். அப்போது கர்த்தர் எங்கே என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே, கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். பக்கத்து பெஞ்சில் ஒருவன் அழுதால் வசனம் சொல்லாதீர்கள். கூடப் போய் உட்காருங்கள்.

எனக்கும் இப்போது 36 வயது. அம்மா அந்த அட்டையை இன்னும் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.