அடகுக்குப் போன கடாப்ரா

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



"மலரும் நினைவுகள்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் சொன்னார். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆய்வகத்தையும் மெஸ் சாம்பாரையும் ஒரு கை பார்த்துவிட்டார்கள். எனவே நான் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

2000-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் சித்தப்பா மன்னார்குடிக்கு வந்தார். எல்லோருக்கும் சட்டைத் துணி, தைலம், சாக்லேட். எனக்கு மட்டும் ஒரு கேம்பாய் கலர். அதில் செருக, சிவப்பு நிறத்தில் ஒரு கேட்ரிட்ஜ். போக்கிமான் ரெட். எனக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு பென்டார்ச் செல் போட்டால் ஓடும். செல் வாங்கக் காசு கேட்கும்போதெல்லாம் அப்பா, "இது என்னடா, மாடு வளக்குற செலவா இருக்கு" என்பார். திரைக்குள் விளக்கு கிடையாது. கரண்ட் போனால் சிம்னி விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அம்மா, நான் படிக்கிறேன் என்று நினைத்து மோர் கொண்டுவந்து வைத்த நாட்களும் உண்டு.

இன்றைய மாணவர்களுக்கு போக்கிமான் என்றால் கைப்பேசியில் தெருத்தெருவாக அலைந்து பிடிப்பது ஞாபகம் வரலாம். அது 2016-இல் வந்தது. நான் சொல்வது அதன் பாட்டன். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியானது, சிவப்பு, பச்சை என்று இரண்டு கேட்ரிட்ஜ்களாக. 1998-இல் அமெரிக்காவுக்குப் போனபோது சிவப்பு, நீலம் ஆயிற்று. புல்லுக்குள் நடந்தால் ஒரு பிராணி எதிரே வரும். அதோடு மோதி, களைக்க வைத்து, ஒரு பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்க்க வேண்டும். வளர்ந்தால் அது உருமாறும். கேட்டர்பி என்ற கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகி, பிறகு பட்டாம்பூச்சியாகும். மொத்தம் 150 பிராணிகள். 151-ஆவதாக ஒன்று யார் கண்ணிலும் படாமல் உள்ளே இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பூச்சி பிடிப்பதுதான் வேலை. பிறகு அந்த ஊரில் குளம், வயல் இருந்த இடமெல்லாம் கட்டடமாகிவிட்டது. பூச்சியும் போயிற்று. நம்மூரில் கொடுக்காப்புளி இலையைப் போட்டுத் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள் இந்த அரங்கத்தில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேம்பாயில் இரண்டு பெட்டிகளை இணைக்க ஒரு கேபிள் உண்டு. அதைப் பார்த்ததும் தஜிரிக்கு, அந்த ஒயருக்குள் ஒரு பூச்சி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவது போலத் தோன்றியதாம். அங்கிருந்து பிறந்ததுதான் இந்த விளையாட்டு. முடிக்க ஆறு வருடம் ஆயிற்று. நடுவில் அவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனம் திவாலாகும் நிலைக்கே போனது.

அந்தக் கேபிள்தான் என் பிரச்சினை. சிவப்பில் உள்ள சில பிராணிகள் நீலத்தில் இல்லை, நீலத்தில் உள்ளவை சிவப்பில் இல்லை. வேறு சில, எதிரே உள்ள ஆளுக்குக் கைமாற்றிக் கொடுத்தால் மட்டுமே முழு வளர்ச்சி அடையும். ஒருவனே உட்கார்ந்து எத்தனை வருடம் ஆடினாலும் சிவப்புக் கேட்ரிட்ஜில் 124-க்கு மேல் போக முடியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்னொரு பையன் வேண்டும்! மன்னார்குடியில் எனக்குத் தெரிந்து கேம்பாய் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

என்னிடம் ஒரு கடாப்ரா இருந்தது. கையில் கரண்டி வைத்துக்கொண்டு நிற்கும், நரி முகம். அதன் முதல் உருவமான ஆப்ராவைப் பிடிப்பதே பெரும்பாடு. எதிரே வந்த அடுத்த நொடியில் மாயமாகிவிடும். ஒரு கோடை விடுமுறை முழுக்க அலைந்து ஒன்றைப் பிடித்தேன். 16-ஆம் நிலையில் கடாப்ரா ஆனது. அதற்கு மேல் அது அலகசாம் ஆக வேண்டுமென்றால் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்க ஆள் இல்லை. ஆறு வருடம் அது கடாப்ராவாகவே இருந்தது. 62-ஆம் நிலை வரை வளர்த்தேன். கல்யாணம் ஆகாத அண்ணனை வீட்டில் வைத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2006-இல் விடுதிக்கு வந்த இரண்டாம் நாள், சீனியர்கள் என் டிரங்குப் பெட்டியைக் கிளறி கேம்பாயை எடுத்து உயரே தூக்கிக் காட்டினார்கள். அறையே சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பத்தாம் வகுப்பு வரை துபாயில் படித்தவன். அன்றிரவு என் அறைக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "ரெட்டா, ப்ளூவா?" அவனிடம் நீலம் இருந்தது. கேபிள் மட்டும் துபாய் வீட்டோடு போய்விட்டது.

அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்லலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இரண்டரை வருடம் கேபிள் இல்லாமலே நட்பு ஓடியது. மற்றவர்கள் கணினியில் எமுலேட்டர் போட்டு, 2004-இல் வந்த புதுப் பதிப்பான ஃபயர் ரெட் ஆடினார்கள். நாங்கள் பழைய பெட்டியை விடவில்லை. அந்த 151-ஆவது பிராணி, மியூ, துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் லாரிக்கு அடியில் இருக்கிறது என்று துபாயில் எல்லாப் பையன்களும் சொல்வார்களாம். இவனும் சத்தியம் செய்தான். நான் ஒரு வாரம் அந்த லாரியைச் சுற்றினேன். ஒன்றும் இல்லை. உண்மை என்னவென்றால், வேலை முடியும் தறுவாயில் சோதனைக்கான பகுதிகளை நீக்கியபோது கேட்ரிட்ஜில் கொஞ்சூண்டு இடம் மிஞ்சியது. அதில் ஷிகெகி மோரிமோட்டோ என்ற நிரலாளர் மியூவை நுழைத்துவிட்டார். லாரி உலகம் முழுக்கப் பையன்கள் தங்களுக்குள் கட்டிவிட்ட கதை. இணையம் வீட்டுக்கு வராத காலத்தில் அந்தக் கதை துபாய் வழியாக நம் விடுதிக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

2009 ஜனவரியில் தொழிற்சாலை பார்க்க எங்களைச் சென்னை அழைத்துப் போனார்கள். மன்னிக்க வேண்டும் சார், பிற்பகல் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் பர்மா பஜார் போனோம். ஒரு கடைக்காரர் பழைய ஒயர்கள் நிறைந்த அட்டைப்பெட்டியைக் கொட்டிக் காட்டி, "எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க தம்பி" என்றார். மூன்றாவது ஒயர் பொருந்தியது. நூறு ரூபாய்.

அன்றிரவே விடுதி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்த குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்தோம். மாற்றுவதென்றால் இருவரும் ஒவ்வொன்று கொடுக்க வேண்டும். சும்மா வாங்க முடியாது. அவன் ஒரு வல்பிக்ஸ் கொடுத்தான். நீலத்தில் மட்டுமே கிடைக்கும் நெருப்பு நரிக்குட்டி. அதற்கு அவன் வைத்திருந்த பெயர் அம்மு. தங்கையின் செல்லப்பெயர். நான் கடாப்ராவைக் கொடுத்தேன். அவன் திரையில் அது மினுமினுத்து, கையில் இரண்டாவது கரண்டியோடு அலகசாமாக எழுந்து நின்றது. இரண்டு பேரும் கத்திய கத்தில் வார்டன் ஐயா டார்ச்சோடு வந்துவிட்டார்.

உருமாறியதும் திருப்பித் தந்துவிடுவதுதான் வழக்கம். அவன், "ஒரு வாரம் வச்சுக்கறேன்டா மாப்ள. கடைசி நாலு பேர இத வச்சு அடிச்சுட்டுத் தர்றேன். அம்மு உங்கிட்ட அடகு" என்றான். சரி என்றேன்.

அம்மு என்ற பெயரை மாற்றலாம் என்று விளையாட்டுக்குள் லாவெண்டர் டவுனில் இருக்கும் பெயர் மாற்றுபவரிடம் போனேன். அடுத்தவர் வைத்த பெயரை அவர் மாற்ற மாட்டார். நல்ல பெயர்தானே என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த வாரம்தான் அவன் அப்பாவுக்குத் துபாயில் வேலை போயிற்று. 2008 கடைசியில் அங்கே கட்டட வேலைகள் வரிசையாக நின்றுபோன சமயம். பருவக் கட்டணத்தில் எட்டாயிரம் ரூபாய் குறைந்தது. என்னிடம் கேட்டான். கணினி வாங்க சித்தப்பா அனுப்பிய பணம் என் கணக்கில் இருந்தது, அது அவனுக்கும் தெரியும். "கம்ப்யூட்டருக்கு வச்சிருக்கேன்டா" என்றேன். அவன் "பரவால்லடா" என்றான். நான்கு நாள் கழித்து, நாங்கள் வகுப்பில் இருந்த நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில், கல்யாண வீடுகளில். "என் அலகசாமை ஒருத்தன் அடிச்சுட்டுப் போயிட்டான்" என்று ஆரம்பிப்பேன், நல்ல சிரிப்பு கிடைக்கும். எட்டாயிரம் ரூபாயை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. என் மனைவிக்கே அதை இந்த நிமிடம்தான் தெரியும்.

அந்தக் கேட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. நாம் சேமித்த ஆட்டம் அதன் தயவில்தான் உயிரோடு இருக்கும். அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். இரண்டு வருடம் முன்பு, பரணில் இருந்த பெட்டியை இறக்கி என் பையனுக்குக் காட்டலாம் என்று போட்டேன். பழைய ஆட்டத்தைத் தொடரும் வழியே காணோம். புது ஆட்டம் மட்டும்தான் கேட்டது. என் ஆறு வருடம் போனது போகட்டும். அம்மு அதற்குள் இருந்தாள்.

இந்தச் சந்திப்புக்காகப் பழைய எண்களைத் தேடியபோது ஒரு நண்பர் வழியாக அவன் எண் கிடைத்தது. மூன்று நாள் யோசித்து அழைத்தேன். குரலைக் கேட்டதும் அவன் சொன்னது: "டேய், உன் அலகசாம் எங்கிட்ட பத்திரமா இருக்குடா. அம்மு எப்படி இருக்கா?"

சொன்னேன். பேட்டரியையும் சொன்னேன், எட்டாயிரத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு முன்னாடி நான் நாலு பேர்ட்ட கேட்டேன்டா" என்றான். அது ஆறுதலா, வேறா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவன் கேட்ரிட்ஜில் இன்னும் அந்தப் பழைய பேட்டரிதான் ஓடுகிறது. எந்த நாளும் போகலாம். எனவே நான் என்னுடையதில் புதுப் பேட்டரியைப் பற்றவைத்து வாங்கி, போன வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு கேட்டர்பி பிடித்திருக்கிறேன். ஐந்தாம் நிலை. அலகசாமுக்கு ஈடாக இப்போது என்னிடம் இருப்பது அந்தப் புழுதான். அவன் சரி என்றிருக்கிறான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் ஆடுபவருக்கு ஒரு புது எண் விழும். பிராணி தன்னை முதலில் பிடித்தவரின் எண்ணைத்தான் முதலாளியாக வைத்திருக்கும். நான் பழைய பெயரையே போட்டாலும் எண் வேறு. ஆகவே நான் வளர்த்த அலகசாம் என்னிடம் அந்நியனிடம் வருவது போலத்தான் வரும். எட்டாவது பேட்ஜை வாங்கிவிட்டால் எந்தப் பிராணியும் கேட்கும். இப்போது என்னிடம் ஒரு பேட்ஜ்கூட இல்லை. அதுவரை, சொன்ன பேச்சைக் கேட்காமல் சண்டைக்கு நடுவே தூங்கினாலும் தூங்கும்.

படிப்பை முடிக்காதவர்களுக்கு நம் சங்கத்தில் உறுப்பினர் படிவம் கிடையாது என்று செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். இன்று என் விருந்தினர் என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அவன் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த பொதுக்குழுவில் அந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் பேச எனக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்போம். கேபிள் என் பையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிற மாணவர்கள் வரலாம். வார்டன் ஐயாவும் வரலாம், டார்ச் வேண்டாம்.